ஊற்றிக்கொண்ட 'பிரிங்கிங் அப் பேபி': பார்த்தவர்கள் பகிரும் அனுபவங்கள்

பழையபடம்:

1938இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட 'பிரிங்கிங் அப் பேபி' பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இயக்கம் ஹோவர்ட் ஹாக்ஸ். நடிப்பு கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்ட். இன்று பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளைப் பற்றி யார் பட்டியல் போட்டாலும் இதை விட்டுவிட்டுப் போட முடியாது. வெளியான வருடத்தில் ஊற்றிக்கொண்டது. கதாநாயகியின் பெயர் கெட்டது, இயக்குநர் கையிலிருந்த அடுத்த படம் போனது.

பார்க்காதவர்களுக்காகக் கதையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். டேவிட் ஹக்ஸ்லி ஒரு அருங்காட்சியகத்தில் தொல்லுயிர் ஆய்வாளர். பல வருடமாகக் கோத்துக்கொண்டிருக்கும் பிரான்டோசாரஸ் எலும்புக்கூட்டுக்கு இன்னும் ஒரே ஒரு எலும்புதான் பாக்கி. அதுவும் கிடைத்துவிட்டது என்று தந்தி வருகிறது. மறுநாள் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் ஆலிஸ், தேனிலவெல்லாம் கிடையாது, இந்த எலும்புக்கூடுதான் நம் குழந்தை என்று சொல்லிவிடுகிறாள். அருங்காட்சியகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை வாங்கித் தரக்கூடிய வக்கீலோடு கோல்ஃப் ஆடப் போகிறார் டேவிட். அங்கே சூசன் வான்ஸ் என்ற பெண் அவருடைய பந்தைத் தன் பந்து என்று அடிக்கிறாள், அவருடைய காரைத் தன் கார் என்று ஓட்டிப் போகிறாள். அதற்கப்புறம் அவரால் அவளிடமிருந்து தப்பவே முடியவில்லை. அவளுடைய அண்ணன் பிரேசிலிலிருந்து அனுப்பிய பழகிய சிறுத்தை ஒன்று வந்து சேர்கிறது. அதன் பெயர்தான் பேபி. அதைக் கனெக்டிகட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அத்தையின் நாய் அந்த அபூர்வ எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ புதைத்துவிடுகிறது.

நான் இதை முதலில் பார்த்தது தனியாக, கணினியில், ராத்திரி. சிரித்தேன், ஆனால் படம் முடிந்தபோது மூச்சு வாங்கியது. அப்புறம் ஒரு திரைப்படச் சங்கத்தில் நிறையப் பேரோடு உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது. உணவுவிடுதிக் காட்சியில் அரங்கமே எழுந்துகொண்டது போல இருந்தது. டேவிட் தெரியாமல் சூசனின் உடையை மிதித்துவிட, பின்பக்கம் முழுவதும் கிழிந்து வந்துவிடும். அது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் பேச விடமாட்டாள். வேறு வழியில்லாமல் தன் தொப்பியால் மறைப்பார். கடைசியில் அவளுக்கும் விஷயம் புரிந்து, இருவரும் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் கால் வைத்து வாசலுக்கு நடப்பார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அடுத்த காட்சியின் முதல் வசனங்கள் யாருக்கும் கேட்கவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இந்தப் படத்தில் குறை என்று எதைச் சொன்னார்களோ, பழகியபின் அதற்காகவேதான் ஜனங்கள் இதைத் தேடி வருகிறார்கள். மற்றவர்களுக்கு எப்படி இருந்தது? எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? தோற்றது நியாயம்தான் என்று நினைப்பவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லுங்கள்.


பெட்டிக்கணக்கு:

நல்ல கேள்வி. திரைப்பட விநியோகத்தில் கணக்குப் பார்த்தவன் நான், அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனசு முதலில் செலவுக்குத்தான் போகும். இந்தப் படத்தின் கணக்கைப் படித்தபோது எனக்குப் படத்தைவிட அதுதான் விறுவிறுப்பாக இருந்தது.

போட்ட பட்ஜெட் 7,67,676 டாலர். முடிந்தபோது சுமார் 10,96,800 டாலர். 1937 செப்டம்பர் 23ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியது. 51 நாளில் முடிப்பதாகத் திட்டம். 1938 ஜனவரி 6ஆம் தேதிதான் முடிந்தது, சொன்னதைவிட 40 நாள் கூடுதல். ஹாக்ஸ் அவசரப்படாத ஆள். காட்சி எடுக்கும் இடத்திலேயே வசனத்தை மாற்றுவார், நடிகர்களைப் புதிதாக ஏதாவது செய்யச் சொல்வார். ஹெப்பர்னும் கிராண்டும் சிரிப்பை அடக்க முடியாமல் போனதிலும் நேரம் ஓடியிருக்கிறது. இதற்கு மேல் சிறுத்தை. மிருகத்தை வைத்து எடுக்கும் காட்சிக்கு எவன் நாள் கணக்கு எழுதிக் கொடுத்தாலும் அதை நம்பக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொல்வார்.

வசூல் உள்நாட்டில் 7,15,000, வெளிநாடுகளில் 3,94,000. கூட்டினால் 11,09,000 டாலர். "செலவைவிட அதிகமாகத்தானே வந்திருக்கிறது?" என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பார்கள். பிரதிகள் போடும் செலவு, விளம்பரம், விநியோகச் செலவு எல்லாம் தயாரிப்புச் செலவுக்கு வெளியே. அதையெல்லாம் கழித்தபின் முதல் சுற்றில் ஆர்.கே.ஓ.வுக்கு 3,65,000 டாலர் நட்டம். தயாரிப்பில் எகிறிய தொகையைக் கணக்குப் போடுங்கள், சுமார் 3,29,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொன்ன செலவுக்குள் எடுத்திருந்தால் கிட்டத்தட்டக் கையைக் கடிக்காமல் தப்பித்திருக்கும். ஜனங்கள் வெறுத்து ஒதுக்கிய படம் என்று இதைச் சொல்வது சரியில்லை. லாஸ் ஏஞ்சலஸ், டென்வர், சின்சினாட்டி, வாஷிங்டன் மாதிரி ஊர்களில் நன்றாகவே ஓடியிருக்கிறது. உதைத்தது நியூயார்க்கும் மத்திய மேற்கு மாநிலங்களும்.

நியூயார்க் கதை தனி. வேலை நிமித்தம் அங்கே போயிருந்தபோது ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்குள் போய்ப் பார்த்தேன். 1932 டிசம்பரில் திறந்த அரங்கம், கிட்டத்தட்ட 6,000 இருக்கைகள். அந்தக் காலத்தில் படத்தோடு மேடை நிகழ்ச்சியும் நடக்கும். வழிகாட்டி பெண் மேடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை இருக்கைகளையும் ஒரு நாளில் பல தடவை நிரப்ப வேண்டும். 1938 மார்ச் மாதம் 'பிரிங்கிங் அப் பேபி' அங்கே ஒரே வாரம்தான் ஓடியது. தூக்கிவிட்டு பெட்டி டேவிஸ் நடித்த 'ஜெஸபெல்' போட்டார்கள். நியூயார்க் டைம்ஸில் ஃபிராங்க் நியூஜென்ட் எழுதிய விமர்சனமும் கடுமை. எல்லாமே அரைத்த மாவு, இதுவரை சினிமாவே பார்க்காதவர்களுக்கு வேண்டுமானால் புதிதாகத் தெரியும் என்ற தொனியில் எழுதியிருந்தார்.

1940, 41 வாக்கில் மறுபடி வெளியிட்டபோது இன்னும் கொஞ்சம் வந்தது. அது ஹெப்பர்ன் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி'யில் ஜெயித்த சமயம்.


மூன்றாம்வரிசை:

எனக்குப் பிடிக்கவில்லை. அழைத்ததால் சொல்கிறேன்.

என் மனைவிக்கு கேரி கிராண்ட் என்றால் உயிர். அவள்தான் போட்டாள். பாதியில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் அதே கூச்சல். சூசன் ஒரு மனிதனின் வேலை, கல்யாணம், துணிமணி, மானம் எல்லாவற்றையும் பறிக்கிறாள். அவன் ஒவ்வொரு தடவையும் போகிறேன் என்கிறான், வரமாட்டேன் என்கிறான். அவள் கேட்பதே இல்லை. இதில் யாரோடு நான் நிற்க வேண்டும்? டேவிட் பாவம். சூசன் மேல் கோபம் வருகிறது. அத்தை, மேஜர், தோட்டக்காரர், மனநல மருத்துவர், போலீஸ்காரர் என்று வருகிற ஆளெல்லாம் கிறுக்கு. சாதாரணமாகப் பேசும் ஒரு ஆள் வேண்டாமா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பின்னாளில் ஹாக்ஸே இதைத்தான் சொல்லியிருக்கிறார். படத்தில் சாதாரண மனிதர் ஒருவர்கூட இல்லை, தோட்டக்காரராவது போலீஸ்காரராவது சரியான ஆளாக இருந்திருக்க வேண்டும், இனி எல்லாரையும் கிறுக்காக வைக்கமாட்டேன் என்ற பொருளில் பேட்டி கொடுத்திருக்கிறார். எடுத்தவரே ஒத்துக்கொண்டபின் நாம் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்?


ஒலிப்பலகை:

மூன்றாம்வரிசை ஐயா சொல்லும் களைப்பு எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு தொழில்காரணம் உண்டு, நான் ஒலிக்கலவை வேலை செய்பவள் என்பதால் அது என் காதில் முதலில் விழுந்தது.

இந்தப் படத்தில் பின்னணி இசை அநேகமாக இல்லை. பெயர் ஓடும்போது இசை வரும், அப்புறம் 'ஐ கான்ட் கிவ் யூ எனிதிங் பட் லவ், பேபி' என்ற 1928ஆம் வருடத்துப் பாட்டு. சிறுத்தைக்கு அந்தப் பாட்டு பிடிக்கும் என்பதால் கதைக்குள்ளேயே பாடுகிறார்கள். மற்றபடி பேச்சுதான். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுவார், ஒரே சமயத்தில் மூன்று பேர் பேசுவார்கள், நடுவில் நாய் குரைக்கும். வழக்கமாக நகைச்சுவைப் படத்தில் இங்கே சிரியுங்கள், இங்கே இளைப்பாறுங்கள் என்று இசை நமக்குச் சொல்லிக்கொண்டே வரும். இங்கே அந்தக் கைத்தாங்கல் கிடையாது. முதல்முறை பார்ப்பவருக்குக் காது நிலைகொள்ளாது.

நான் முதலில் வசனவரிகளைப் படித்துக்கொண்டே பார்த்தேன். கீழே ஒரு வரி ஓடும், ஆனால் அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி சிரிப்பு தப்பிப்போனது. அடுத்த தடவை வசனவரியை அணைத்துவிட்டு, புரிந்தவரை போதும் என்று முகங்களையும் குரலையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வீட்டுக்கூடத்தில் நடக்கும் அந்தக் காட்சியின் அழகு தெரிந்தது. டேவிட் குளித்துக்கொண்டிருக்கும்போது சூசன் அவர் உடுப்புகளை ஊருக்கு அனுப்பிவிட, வேறு துணி இல்லாமல் பெண்கள் போடும் மென்மயிர் வைத்த அங்கியோடு நிற்பார். அத்தை வருவார், நாய் வரும், சூசன் வருவாள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள், ஒருவருக்கும் பதில் கிடைக்காது. கேரி கிராண்ட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து சூசனின் காலை ஓங்கி மிதிப்பார். காட்சியில் ஒரு நொடி நிசப்தம். மறுபடி இரைச்சல். ஒலியை இவ்வளவு கவனமாக அளந்து வைத்தவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே'யில் ஹாக்ஸ் இதே வித்தையை இன்னும் வேகமாகச் செய்தார், அது அங்கே ஒரு பத்திரிகை அலுவலகத்தின் இரைச்சலோடு பொருந்திப்போனது. இங்கே பொருந்துவதற்கு ஒரு சாக்கும் இல்லை, காதல் மட்டும்தான்.

அப்புறம் ஐயா, சாதாரண ஆள் இல்லை என்ற ஹாக்ஸின் பேச்சு பற்றி. படம் விழுந்தபின் யாராக இருந்தாலும் காரணம் தேடுவார்கள். எனக்கென்னவோ அந்தப் போலீஸ்காரர் ஒழுங்கான ஆளாக இருந்திருந்தால் சிறைக் காட்சியே நடந்திருக்காது என்று தோன்றுகிறது.


நாலுகால்:

சிறுத்தையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே! நான் கால்நடை மருத்துவர். எனக்கு இந்தப் படம் அறிமுகமானதே நிசா மூலமாகத்தான்.

நிசா என்பது அந்தச் சிறுத்தையின் பெயர். பழக்கியவர் ஓல்கா செலஸ்டி என்ற பெண்மணி. படத்தில் சாதுவான பேபி ஒன்று, சர்க்கஸிலிருந்து தப்பிய பொல்லாத சிறுத்தை ஒன்று என்று இரண்டு வரும். இரண்டுமே நிசாதான். ஒரே மிருகத்தை வைத்து இரண்டு குணம் காட்டியிருக்கிறார்கள். பூனைக் குடும்பத்து மிருகங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், வாலையும் காதையும் கவனித்தால் அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நான் படத்தை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். சூசன் வீட்டில் அது அவள் காலில் உரசிக்கொண்டு போகிற காட்சியில் உடம்பு தளர்வாக இருக்கிறது. அது ஒட்டு வேலை இல்லை, ஹெப்பர்ன் நிஜமாகவே அதோடு நடக்கிறார்.

அவருக்குப் பயமே இருக்கவில்லை என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் மட்டும் விபரீதமாகப் போயிருக்கும். அவர் போட்டிருந்த பாவாடையின் விளிம்பில் கனத்துக்காகச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் தைத்திருந்தார்கள். அவர் சட்டென்று திரும்பியபோது விளிம்பு சுழன்றது, நிசா அவர் முதுகை நோக்கிப் பாய்ந்தது. ஓல்கா சாட்டையைச் சொடுக்கித் தடுத்துவிட்டார். அதற்கப்புறம் நிசாவைத் தாராளமாக நடமாட விடவில்லை என்று ஹெப்பர்ன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆடும் விளிம்பு, அதுவும் முதுகைக் காட்டித் திரும்பும் உருவம். சிறுத்தையின் கண்ணுக்கு அது ஓடும் இரை. பழக்கம் எவ்வளவு இருந்தாலும் அந்த நொடியில் அது வேலை செய்யாது.

கேரி கிராண்டுக்கோ அதன் அருகில் போகவே பயம். கூடுமானவரை அவருக்குப் பதில் ஆள் வைத்தார்கள், இல்லையென்றால் இரண்டு தனித்தனிப் பிம்பங்களைச் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கை வேலையைச் செய்தவர் லின்வுட் டன். ஹெப்பர்ன் ஒருநாள் கிராண்டின் உடை மாற்றும் அறைக்குள் கூரைத் துவாரம் வழியாகப் பஞ்சடைத்த சிறுத்தை ஒன்றை இறக்கிவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கும் சூசனுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை போல!

என் மகளோடு பார்த்தபோது அவளுக்குச் சிறுத்தையைவிட நாயைத்தான் பிடித்தது. ஜார்ஜாக வருவது ஸ்கிப்பி, வயர் ஃபாக்ஸ் டெரியர் இனம். 1934இல் 'தி தின் மேன்' படத்தில் ஆஸ்டாவாக வந்து பேர் வாங்கிய அதே நாய். சிறுத்தையும் அதுவும் கட்டிப் புரண்டு விளையாடும் காட்சியில் என் மகள் "அப்பா, அதைக் கடிச்சிடாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.


கல்லும்எலும்பும்:

டாக்டர் வழி திறந்துவிட்டார், நானும் என் துறையைக் கொண்டுவருகிறேன். நிலவியல் படித்தவன், கொஞ்சகாலம் புதைபடிவ வேலையும் பார்த்திருக்கிறேன்.

டேவிட் தேடும் எலும்புக்குப் படத்தில் 'இன்டர்காஸ்டல் கிளாவிகிள்' என்று பெயர். அப்படி ஒரு எலும்பு எந்த மிருகத்துக்கும் கிடையாது. விலா எலும்புகளுக்கு நடுவே தோளில் இருக்கும் காறையெலும்பு எப்படி வரும்? எங்கள் வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள், பேராசிரியர் உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் முதல் காட்சியில் டேவிட் சாரத்தின் மேல் உட்கார்ந்து, கையில் ஒரு எலும்பை வைத்துக்கொண்டு, இது வாலில்தான் சேரும் என்கிறாரே, ஆலிஸ் உடனே, நேற்றே வாலில் வைத்துப் பார்த்தீர்கள், பொருந்தவில்லை என்கிறாளே, அது அப்படியே உண்மை. எங்கள் வேலையில் பாதி நாள் அப்படித்தான் போகும்.

இன்னொன்று. பிரான்டோசாரஸ் என்ற பெயருக்கே 1938இல் அறிவியலில் இடம் இல்லை. 1879இல் மார்ஷ் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அந்தப் பெயரைச் சூட்டினார். 1903இல் எல்மர் ரிக்ஸ் அது ஏற்கெனவே பெயரிட்ட அபடோசாரஸ்தான் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அருங்காட்சியகங்களும் பொதுஜனமும் பழைய பெயரை விடவில்லை. அந்தக் கால எலும்புக்கூடுகளில் தலையே வேறு மிருகத்தின் சாயலில் இருந்தது. பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகம் சரியான தலையை மாற்றி வைத்தது 1979இல்தான். 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வு பிரான்டோசாரஸ் தனிப் பேரினம்தான் என்று மறுபடி பிரித்துக் காட்டியது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் டேவிட் ஹக்ஸ்லி.


சூசன்பக்கம்:

ஹெப்பர்னுக்காகப் பேச ஒருத்தி வேண்டும், அதனால் வந்தேன். மூன்றாம்வரிசை ஐயா, உங்களுக்குக் கோபம் வருவது சூசன் மேல்தான், ஆனால் அன்று அமெரிக்காவில் அந்தக் கோபம் முழுவதும் போய் விழுந்தது நடித்தவர் மேல்.

1933இல் வந்த படத்துக்கே ஆஸ்கர் வாங்கியவர் அவர். அப்புறம் வரிசையாகச் சில படங்கள் போகவில்லை. 'பிரிங்கிங் அப் பேபி' வந்து சில மாதம்கூட ஆகவில்லை, 1938 மே மாதம் சுயேச்சைத் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கத்தின் பெயரில் ஹாரி பிராண்ட் ஒரு விளம்பரம் போட்டார். இந்த நடிகர்கள் எல்லாம் வசூலுக்கு விஷம் என்று அதில் ஒரு பட்டியல். கிரேட்டா கார்போ, ஜோன் க்ராஃபோர்ட், மார்லீன் டீட்ரிக், மே வெஸ்ட், ஃபிரெட் அஸ்டேர், இவர்களோடு ஹெப்பர்ன். பட்டியலைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. இருக்கிற பெண்களைப் பாருங்கள். எல்லாரும் தனக்கென்று ஒரு நடை, ஒரு குரல், ஒரு பிடிவாதம் உள்ளவர்கள்.

அதற்கப்புறம் ஹெப்பர்ன் செய்ததைத்தான் நான் என் தோழிகளிடம் அடிக்கடி சொல்வேன். ஆர்.கே.ஓ. அடுத்து ஒரு சாதாரணப் படத்தைத் தள்ளியது. அதில் நடிக்க மறுத்து, தன் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். கொலம்பியாவில் 'ஹாலிடே' நடித்தார், மறுபடி கேரி கிராண்டோடு. அதுவும் பெரிதாகப் போகவில்லை. கிழக்கே போய் 1939இல் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' நாடகத்தில் நடித்தார். அதன் பட உரிமையைக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கிக் கொடுக்க, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு எம்.ஜி.எம்.மிடம் பேரம் பேசினார். இயக்குநர் ஜார்ஜ் க்யூகர், கூட நடிப்பவர்கள் கேரி கிராண்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும். 1940இல் படம் வந்தது, ஓடியது.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது வேலை போய் வீட்டில் இருந்த காலத்தில். சூசன் எதற்கும் வெட்கப்படுவதில்லை என்பதுதான் அப்போது என்னைப் பிடித்து இழுத்தது. சிறையில் போட்டபின் என்ன செய்கிறாள் பாருங்கள். குரலை மாற்றி, வாயைக் கோணி, தான் ஒரு கொள்ளைக் கும்பலைச் சேர்ந்தவள் என்று அந்தப் போலீஸ்காரரிடம் அளக்கிறாள். டேவிட், அவள் பார்த்த சினிமாவிலிருந்தெல்லாம் எடுத்து விடுகிறாள் என்று கத்துகிறார். யார் காதிலும் விழவில்லை. நடு ராத்திரி, தனியாகச் சிரித்தேன், ரொம்பக் காலத்துக்கு அப்புறம்.

அந்தக் காட்சியில் எதிரே நிற்கும் போலீஸ்காரர் வால்டர் கேட்லெட். அவர் இந்தப் படத்துக்குள் வந்த விதம் அழகானது. ஹெப்பர்னுக்கு இந்த மாதிரி நகைச்சுவை புதிது. ஆரம்பத்தில் சிரிப்பு மூட்ட வேண்டும் என்று முயற்சி செய்து நடித்தார், காட்சி படுத்துவிட்டது. ஹாக்ஸ் சொல்லிப் பார்த்து முடியாமல், பழைய மேடை நகைச்சுவை நடிகரான கேட்லெட்டை அழைத்துவந்து செய்து காட்டச் சொன்னார். அவர் ஒரு துளிச் சிரிப்பு இல்லாமல், உயிர் போகிற விஷயம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைச் செய்தார். ஹெப்பர்னுக்குப் பிடி கிடைத்தது. கேட்லெட்டைப் படத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹெப்பர்ன்தான் சொன்னார். புகழ்பெற்ற நாயகி ஒருவர் படப்பிடிப்பு நடுவில், எல்லார் முன்னாலும், கற்றுக்கொள்ள உட்கார்ந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.


மூன்றாம்வரிசை:

சூசன்பக்கம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறைக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். மனைவிக்கு ஒரே சந்தோஷம். சரி, அந்தக் காட்சி நன்றாக இருக்கிறது. பொல்லாத சிறுத்தையை பேபி என்று நினைத்து அவள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதும், டேவிட் நாற்காலியைத் தூக்கிக் குறுக்கே நின்று அதைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு மயங்கி விழுவதும் எனக்கே பிடித்தது. படம் முழுக்கத் தள்ளாடுகிற மனிதன் அங்கே ஒரு தடவை நிமிர்கிறான். முழுப்படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. பழையபடம் ஒன்று சொல்லுங்கள், இதை எப்போதிலிருந்து ஜனங்கள் கொண்டாட ஆரம்பித்தார்கள்?


பழையபடம்:

ஐயா, ஒரே நாளில் நடக்கவில்லை. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போடப்போட வீட்டில் இருந்தபடி மறுபடி மறுபடி பார்த்தார்கள். அதே காலத்தில் பிரான்ஸில் 'கையே து சினிமா' பத்திரிகைக்காரர்கள் ஹாக்ஸை ஒரு பெரிய கலைஞராக வைத்து எழுதத் தொடங்கினார்கள், ஜாக் ரிவெத்தின் கட்டுரை 1953இல் வந்தது. 1972இல் பீட்டர் பொக்டனோவிச் இந்தப் படத்தின் தாக்கத்தில் 'வாட்ஸ் அப், டாக்?' எடுத்தார், அது நன்றாகவே ஓடியது. தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981இல் ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் கொடுத்தார். 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. ஹாக்ஸுக்கு நட்டம் நட்டம்தான். ஆர்.கே.ஓ. அவரை 'கங்கா தின்' படத்திலிருந்து எடுத்துவிட்டு ஜார்ஜ் ஸ்டீவன்ஸிடம் கொடுத்துவிட்டது.

பெட்டிக்கணக்கு சொன்ன பணக்கணக்கையும் ஒலிப்பலகை அக்கா சொன்ன காதுக்கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். அன்று ஒருவர் காசு கொடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூச்சு வாங்கியதுதான் ஞாபகம் இருக்கும். நாம் இன்று நிறுத்தி, திருப்பி, பிடித்த காட்சியை மட்டும் போட்டு, அடுத்த வாரம் முழுப்படத்தையும் பார்க்கிறோம். ஐயாவே சிறைக் காட்சிக்குத் திரும்பிப் போனாரே. 1938இல் அந்த வசதி யாருக்கும் இல்லை.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் சிலர் எந்த வரிசையில் பார்ப்பது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். முதலில் 1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்'. லியோ மெக்கேரி இயக்கம், கேரி கிராண்டும் ஐரீன் டன்னும். ஸ்கிப்பி அதிலும் உண்டு. அதில் கிராண்டின் பாத்திரத்துக்கு 'ஜெரி தி நிப்பர்' என்று ஒரு பட்டப்பெயர் வரும், சிறையில் சூசன் டேவிட்டைக் கொள்ளைக்காரன் ஆக்கும்போது அதே பெயரைத்தான் எடுத்து விடுவாள். முந்தைய படம் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு இரட்டிப்பு. அப்புறம் 'பிரிங்கிங் அப் பேபி', முடிந்தால் நாலு பேரோடு. அதன்பின் 'ஹாலிடே'. அதே இரண்டு பேர், அதே வருடம், அதே தோல்வி, ஆனால் நிதானமான படம். மூன்றாம்வரிசை ஐயாவுக்கு அது கட்டாயம் பிடிக்கும், அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.